சர்வதேச ஆர்பிட்ரேஷன் வக்கீலாக வேண்டுமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆறு வருடம் சிவில் வழக்குகள் பார்த்துவிட்டு சிங்கப்பூர் வந்தேன். அன்றிலிருந்து நாடு விட்டு நாடு போகும் வணிகத் தகராறுகள்தான் என் வேலை. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், ஊரில் இருக்கும் ஜூனியர்கள், சில நேரம் அவர்களுடைய அப்பா அம்மாவும் கூப்பிட்டுக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

அக்கா, ஆர்பிட்ரேஷன்னா நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரிதானே? அதுக்கு எதுக்கு வக்கீல்?

பாதி சரி. இரண்டு தரப்பும் சம்மதித்த ஆட்கள் முன்னால் போய் நிற்பது என்ற அளவில் பஞ்சாயத்துதான். ஆனால் பஞ்சாயத்தில் சொன்னதைக் கேட்காவிட்டால் ஊரில் பேச்சு வரும், அவ்வளவுதான். இங்கே நடுவர் தீர்ப்பை மதிக்காவிட்டால் கோர்ட் மூலமாகச் சொத்து ஜப்தி ஆகும். நடுவர் தீர்ப்பை நாங்கள் பேச்சில் அவார்டு என்போம். அது கோர்ட் டிக்ரி, அதாவது கோர்ட் தீர்ப்பு மாதிரியே அமலாகும், ஆனால் டிக்ரிக்கு இருப்பது போன்ற அப்பீல் அதற்குக் கிடையாது. சட்டத்தை நடுவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக மட்டும் பெரும்பாலும் அதை உடைக்க முடியாது. ஒரே ஒரு வாய்ப்புதான் என்பதால்தான் கம்பெனிகள் வக்கீலுக்குச் செலவு செய்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பத்திரிகைகளில் எல்லாவற்றையும் ‘மத்தியஸ்தம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மீடியேஷனில் நடுவில் இருப்பவர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பேசிச் சமாதானம் செய்ய உதவுவார். ஆர்பிட்ரேஷனில் நடுவர் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும்.

இதுல ‘சர்வதேச’ எங்க வருது? ரெண்டு பேரும் இந்தியக் கம்பெனின்னா அது சர்வதேசம் ஆகாதா?

இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, வணிகத் தகராறில் ஒரு தரப்பாவது வெளிநாட்டுக் குடிமகனாகவோ, வெளிநாட்டில் வழக்கமாக வசிப்பவராகவோ, வெளிநாட்டில் பதிவான நிறுவனமாகவோ, வெளிநாட்டு அரசாகவோ இருந்தால் அது சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷன். நடுவரை நியமிக்கச் சொல்லி மனு போட்டால் உள்நாட்டு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும், சர்வதேச வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்.

இரண்டு இந்தியக் கம்பெனிகள் சேர்ந்து ‘எங்கள் தகராறு சூரிச்சில் நடக்கட்டும்’ என்று எழுதிக்கொள்ளலாமா என்று ரொம்ப நாள் சண்டை இருந்தது. எழுதிக்கொள்ளலாம் என்று 2021 ஏப்ரலில், பிஏஎஸ்எல் விண்ட் சொல்யூஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோர்ட்டுக்கே போயிடலாமே, ஏன் இவ்வளவு செலவு பண்ணி இதுக்குப் போறாங்க?

ரகசியம், வேகம், நிபுணர்கள் என்று பாடப்புத்தகம் மூன்று காரணம் சொல்லும். உண்மையான காரணம் ஒன்றுதான்: 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை. இதில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, இந்தியா 1960-லேயே சேர்ந்துவிட்டது. ஒரு நாட்டில் வாங்கிய அவார்டை இன்னொரு உறுப்பு நாட்டின் கோர்ட்டுக்குக் கொண்டுபோய், சில குறுகலான காரணங்கள் தவிர வேறு தடை இல்லாமல் அமல்படுத்தலாம். கோர்ட் தீர்ப்புக்கு இந்த வசதி உலக அளவில் இல்லை. நியூயார்க் கோர்ட்டில் டிக்ரி வாங்கிச் சென்னையில் நேராக நிறைவேற்ற முடியாது, அதை வைத்து இங்கே புதிதாக வழக்கு போட வேண்டும். அதே நியூயார்க்கில் வாங்கிய அவார்டு என்றால் நேராக உயர் நீதிமன்றம் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாடு என்பது மட்டும் இந்தியாவுக்குப் போதாது, அந்த நாட்டை மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். எல்லா நாடுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

சீட், வென்யூன்னு ரெண்டு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இந்தத் துறையில் ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வென்யூ என்பது உட்கார்ந்து பேசும் இடம், வசதிக்காக எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சீட் என்பது அந்த ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வமான சொந்த ஊர். எந்த நாட்டுக் கோர்ட் மேற்பார்வை பார்க்கும், அவார்டை ரத்து செய்யச் சொல்லி எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் சீட்டை வைத்துத்தான். சீட் சிங்கப்பூர் என்று எழுதிவிட்டு, எல்லா விசாரணையும் சென்னையில் ஹோட்டல் அறையில் நடத்தினாலும் அது சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன்தான்.

என் மேஜைக்கு வந்த ஒரு ஒப்பந்தத்தில் இருந்ததைச் சொல்கிறேன். ‘ஆர்பிட்ரேஷன் சென்னையில் நடக்கும். சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்தின் விதிகள் பொருந்தும். லண்டன் நீதிமன்றங்களுக்கு முழு அதிகாரம் உண்டு.’ மூன்று வரி, மூன்று ஊர், சீட் என்ற சொல்லே இல்லை. வேறு ஒப்பந்தங்களிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பணம் யார் யாருக்குத் தர வேண்டும் என்ற பேச்சே ஆரம்பிக்கவில்லை, சீட் எது என்று தீர்மானிக்கவே ஒன்றரை வருடம் போனது. 2012 செப்டம்பர் 6 அன்று பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சீட் வெளிநாட்டில் இருந்தால் சட்டத்தின் முதல் பாகத்தை வைத்து இந்தியக் கோர்ட் தலையிட முடியாது என்று சொன்னது. அதற்கு முன் 2002-இன் பாட்டியா தீர்ப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன்களையும் இங்கே இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். 2019-இல் பிஜிஎஸ் சோமா வழக்கில், வென்யூ என்று ஒரே ஊரைச் சொல்லி, வேறு மாதிரி நினைக்க ஒரு குறிப்பும் இல்லாவிட்டால் அதுவே சீட் என்றார்கள். இந்த மூன்று தீர்ப்புகளையும் சுருக்கத்தில் படிக்காமல் முழுதாகப் படியுங்கள்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? தினமும் ஆர்க்யூ பண்ணுவீங்களா?

வருடத்தில் வாதம் செய்யும் நாட்கள் கொஞ்சம்தான். மீதி நாளெல்லாம் எழுத்து, படிப்பு, மறுபடி எழுத்து. ஜூனியரின் முதல் வேலை காலவரிசை தயாரிப்பது. ஒரு மின் நிலையம் கட்டத் தாமதமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருட ஈமெயில், தளத்தில் எடுத்த போட்டோ, வாட்ஸ்அப், மீட்டிங் மினிட்ஸ், டிரக் வந்த கேட் ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு அட்டவணையில் உட்கார வைக்க வேண்டும். அலுப்பான வேலை என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான். ஒரு வழக்கில், அஸ்திவாரத்து மண் சரியில்லை என்ற தகவலே தங்களுக்கு வரவில்லை என்று எதிர்த்தரப்பு அடித்துச் சொன்னது. அவர்களே கொடுத்த ஒரு மீட்டிங் மினிட்ஸின் ஏழாவது பக்க ஓரத்தில், மண் பரிசோதனை பற்றிய வரிக்குப் பக்கத்தில் அவர்களுடைய பிராஜெக்ட் மேனேஜர் பேனாவால் ‘பார்த்தேன்’ என்று எழுதி இனிஷியல் போட்டிருந்தார். அதைக் கண்டுபிடித்தது எங்கள் டீமிலேயே இளைய பெண், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆனவள்.

அப்புறம் ஆவணக் கோரிக்கை. ரெட்ஃபெர்ன் அட்டவணை என்று ஒன்று உண்டு: எந்த ஆவணம் வேண்டும், ஏன் வேண்டும், எதிர்த்தரப்பு ஏன் தர மறுக்கிறது, நடுவர் என்ன முடிவு சொன்னார் என்று கட்டம் கட்டமாகப் போகும். சாட்சிகளின் எழுத்து வாக்குமூலம், நிபுணர் அறிக்கை, பிறகுதான் விசாரணை. விசாரணை வாரம் நம் கோர்ட் மாதிரி இருக்காது. ஒவ்வொரு தரப்புக்கும் இத்தனை மணி நேரம் என்று செஸ் ஆட்டத்துக் கடிகாரம் மாதிரி கணக்கு ஓடும், பாஸ்ஓவர் (வழக்கைக் கொஞ்ச நேரம் தள்ளிக் கூப்பிடுவது) கிடையாது, வாய்தா கிடைப்பது அபூர்வம். சாட்சி பேசப் பேச எழுத்து திரையில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் விசாரணையில் நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்து சாட்சியின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

நான் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரி, தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இல்ல. எனக்கெல்லாம் வாய்ப்பு உண்டா?

உண்டு. ஆனால் முதல் கதவு உங்களுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். பெரிய நிறுவனங்கள் நேர்காணலுக்கு ஆள் எடுக்கப் போகும் கல்லூரிகள் சில மட்டும்தான். அந்த வரிசையில் நீங்கள் இல்லாவிட்டால், தாவாக்கள் நிறைய வரும் கட்டுமானம், கப்பல், மின்சாரம், ஏற்றுமதி வழக்குகள் பார்க்கும் சீனியரிடம் சேருங்கள். சென்னை துறைமுக நகரம், கப்பல் வாடகைத் தகராறுகள் இங்கேயே பிறக்கின்றன, அவற்றில் பல லண்டன் அல்லது சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷனுக்குப் போகின்றன. அந்தச் சீனியரின் அலுவலகத்தில் இரண்டு வருடம் ஆவணங்களோடு புரண்டவருக்கு, பரிசு வாங்கிய மாணவருக்குத் தெரியாதது நிறையத் தெரியும்.

கல்லூரிப் பெயரை விட ஆங்கில எழுத்துதான் தடையாக நிற்கிறது. இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. யார் எதை எப்போது செய்தார் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியத்தில் குழப்பமில்லாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரு தீர்ப்பை எடுத்து, அதன் சம்பவங்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தவர்கள் என்னிடம் எழுத்து மாதிரி அனுப்பும்போது அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது.

மூட் கோர்ட் பண்ணாத்தான் எடுத்துப்பாங்களாமே?

மூட் கோர்ட் என்பது மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போட்டி. கட்டாயம் இல்லை, உதவும். வியன்னாவில் ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் நடக்கும் விஸ் மூட்தான் இந்தத் துறையில் பெரிய போட்டி, 1990-களிலிருந்து நடக்கிறது. ஹாங்காங்கில் அதற்குத் தங்கை போட்டி உண்டு. அதில் வரும் 1980-ஆம் ஆண்டு ஐ.நா. சரக்கு விற்பனை உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, ஆகவே நம் பிள்ளைகள் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அதே வழக்குக்கு வாதி பக்கமும் பிரதிவாதி பக்கமும் எழுத வேண்டும் என்பதுதான் இந்தப் போட்டியின் அருமை. பயணச் செலவுக்குக் கல்லூரி தராவிட்டால், பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து நண்பர்கள் நான்கு பேர் இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். மேடை கிடைக்காது, பயிற்சி அதே பயிற்சிதான்.

எல்எல்எம் படிக்கணுமா? வீட்டை அடமானம் வெச்சுப் படிக்கச் சொல்றீங்களா?

வீட்டை அடமானம் வைக்காதீர்கள். ஜெனீவா, லண்டன் குயின் மேரி, ஸ்டாக்ஹோம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் என்று நல்ல சட்ட மேற்படிப்புகள் இருக்கின்றன. அங்கே உண்மையில் கிடைப்பது உடன் படிக்கும் ஆட்கள், அவர்கள் மூலமாக வரும் முதல் இன்டர்ன்ஷிப். கல்லூரி முடித்த கையோடு போனால் இந்தப் பலன் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் சொல்ல உங்களிடம் அனுபவம் இருக்காது. இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், படிப்பு முடிந்த பிறகு அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க வாய்ப்பு கிடைக்காமல் போனால் இந்தியச் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். அந்தக் கணக்கைப் போடாமல் போய்த் திரும்பி வந்து அவதிப்படும் இரண்டு பேரை எனக்கு நேரடியாகத் தெரியும், இருவரும் கெட்டிக்காரர்கள்.

வெளிநாட்டு லைசென்ஸ் இல்லாம சிங்கப்பூர்ல, லண்டன்ல நான் ஆஜராக முடியுமா?

ஆர்பிட்ரேஷனில் முடியும். இந்த இரண்டு ஊர்களிலும் நடுவர் முன்னால் வெளிநாட்டு வக்கீல் வாதாடலாம். ஆனால் அதே வழக்கில் தடையுத்தரவு வேண்டி உள்ளூர் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் உள்ளூர் வக்கீல்தான் எழுந்து நிற்க வேண்டும். வேலை கொடுப்பவர்கள் இன்னொரு நாட்டுத் தகுதியும் இருந்தால் விரும்புவார்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அந்த ஊர் வக்கீல்) ஆக 2021 முதல் எஸ்கியூஇ என்ற தேர்வு வந்திருக்கிறது, இந்தியாவில் பதிவு செய்த வக்கீல் அங்கே போய் இரண்டு வருடப் பயிற்சி செய்யாமலே அதை எழுதலாம். நியூயார்க் பார் தேர்வும் பலர் எழுதுகிறார்கள், உங்கள் பட்டம் நேராகத் தகுதி பெறுமா என்று அவர்களிடம் முன்கூட்டியே மதிப்பீடு வாங்கிவிட வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இந்தியாவில் என்ரோல் செய்து ஆல் இந்தியா பார் எக்ஸாமை முடித்துவிடுங்கள், திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கட்டும்.

அப்ப வெளிநாட்டு வக்கீல் இந்தியாவுக்கு வரலாமா? நம்ம பிழைப்பு என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சென்னையிலிருந்து ஆரம்பிக்கிறது. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2012-இல் தீர்ப்பு வந்தது, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. அன்று சொன்னதன் சாரம் இது: வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே அலுவலகம் திறந்து தொழில் செய்யக் கூடாது, தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல எப்போதாவது வந்து போகலாம், சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷனுக்காக வருவதை மொத்தமாகத் தடுக்க முடியாது, ஆனால் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். பிறகு பார் கவுன்சில் தனி விதிகள் கொண்டுவந்து 2025-இல் திருத்தியது.

பிழைப்புக்குப் பயப்பட வேண்டாம் என்பது என் கருத்து. இந்தியச் சட்டத்தில் எழுதிய ஒப்பந்தம் இருக்கும் வரை அதைப் படித்துச் சொல்ல இந்திய வக்கீல்தான் வேண்டும். சிங்கப்பூர் மையத்துக்கு வழக்கு கொண்டுவரும் வெளிநாட்டவர்களில் இந்தியர்கள் வருடா வருடம் முன் வரிசையில் இருக்கிறார்கள்.

எவ்வளவு சம்பாதிக்கலாம்? நேரா சொல்லுங்க.

தொகை ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். பெரிய சர்வதேச நிறுவனத்தில் சேர்ந்தால் மாதச் சம்பளம் நன்றாக இருக்கும், மணி நேரக் கணக்கு உயிரை எடுக்கும். இந்தியாவில் சீனியரிடம் இருந்தால் முதல் சில வருடம் கஷ்டம்தான், வீட்டு வாடகைக்கு அப்பாவைக் கேட்க வேண்டி வரும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சொந்தமாக வழக்கு வர ஆரம்பித்தால் நிலைமை மாறும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்சிக்காரரிடம் பேசுவது இந்திய வக்கீலுக்குத் தடை, அதை மறக்காதீர்கள். வழக்குச் செலவை மூன்றாம் நபர் போட்டு, ஜெயித்தால் பங்கு வாங்கும் முறை வேறு. சிங்கப்பூர் 2017-இல் சர்வதேச ஆர்பிட்ரேஷனுக்கு அதை அனுமதித்தது.

பொம்பளைப் பிள்ளைக்கு இந்த லைன் சரிப்படுமா? (ஒரு அம்மா கேட்டது)

சரிப்படும் அம்மா. ஜூனியர் நிலையில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், நடுவர் நாற்காலியில்தான் இன்னும் குறைவு. அதைச் சரிசெய்ய 2016-இல் துறைக்குள்ளேயே ஒரு பொது உறுதிமொழி தொடங்கினார்கள், ஆர்பிட்ரேஷன் மையங்கள் செய்யும் நடுவர் நியமனங்களில் மாற்றம் தெரிகிறது. நேரம்தான் உண்மையான சிரமம். நியூயார்க்கில் ஒருவர், பாரிஸில் ஒருவர் என்றால் நடுராத்திரி அழைப்பு வரும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் நான் இதைச் செய்திருக்க முடியாது.

ஜெயிச்சு அவார்டு வாங்கிட்டா பணம் கைக்கு வந்துடுமா?

பல நேரம் தோற்றவர் கட்டிவிடுவார். கட்டாவிட்டால் இரண்டாவது போர் ஆரம்பம். சீட் இருக்கும் நாட்டில் அவார்டை ரத்து செய்யச் சொல்லிப் போவார்கள். இந்தியா சீட் என்றால் அதற்கு மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அவார்டைக் கோர்ட் ரத்து மட்டும்தான் செய்யலாமா, திருத்தவும் செய்யலாமா என்ற கேள்விக்கு 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, குறுகலான சில சூழ்நிலைகளில் திருத்தலாம் என்று சொன்னது.

அப்புறம் சொத்தைத் தேடிப் போவது. கெய்ர்ன் என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்கு 2020 டிசம்பரில் இந்திய அரசுக்கு எதிராக 120 கோடி டாலர் அவார்டு கிடைத்தது. முன்தேதியிட்ட வரி பற்றிய வழக்கு அது. பணம் வரவில்லை என்றதும் நியூயார்க்கில் ஏர் இந்தியா மீது வழக்கு, பாரிஸில் இந்திய அரசின் கட்டடங்கள் மீது முடக்க உத்தரவு. 2021 ஆகஸ்டில் இந்தியா அந்த வரிச் சட்டத்தையே மாற்றியது, வரியாக எடுத்த சுமார் 7,900 கோடி ரூபாயைத் திருப்பித் தந்தது, வழக்குகள் வாபஸ் ஆயின. இன்னொரு பக்கம் தேவாஸ். 2015-இல் ஐசிசி (சர்வதேச வணிகச் சபை) நடுவர்கள், இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ் தேவாஸ் கம்பெனிக்கு 56.25 கோடி டாலர் தர வேண்டும் என்றார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தமே மோசடியில் பிறந்தது என்று தேவாஸ் கம்பெனியைக் கலைத்ததை உறுதிசெய்தது. ஆனாலும் வெளிநாட்டுக் கோர்ட்டுகளில் சண்டை நிற்கவில்லை, 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகவே கட்சிக்காரர் முதல் நாள் வரும்போதே ‘எதிராளிக்குச் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது’ என்று கேட்டு எழுதிவையுங்கள். கேஸ் பலமா என்பதை அதற்கு அடுத்துக் கேட்கலாம்.

ஒரு கம்பெனி அரசாங்கத்து மேலயே கேஸ் போடுதே, அது எப்படி?

இரு நாடுகள் தங்களுக்குள் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால், ஒரு நாட்டு முதலீட்டாளர் மற்ற நாட்டு அரசை நேராக நடுவர் முன் நிறுத்தலாம். மேலே சொன்ன கெய்ர்ன் அப்படித்தான் வந்தது. இந்தியா முதன்முதலாகத் தோற்றது 2011-இல், ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியிடம். கோல் இந்தியாவுக்கு எதிராக 2002-இல் வாங்கிய அவார்டு நம் கோர்ட்டுகளில் ஒன்பது வருடம் கிடந்ததுதான் குற்றம். அதன் பிறகும் வழக்குகள் வரிசையாக வந்ததால் இந்தியா பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முடித்துக்கொண்டது.

இப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒன்றை மட்டுமே அடிப்படையாக வைத்து உலகிலேயே முதலில் வந்த அவார்டு எங்கே பிறந்தது தெரியுமா? மட்டக்களப்பில். ஒரு ஹாங்காங் கம்பெனி பங்கு வைத்திருந்த இறால் பண்ணை, 1987 ஜனவரியில் இலங்கை அரசுப் படைகளின் நடவடிக்கையில் அழிந்தது. உலக வங்கியின் இக்சிட் அமைப்பில் வழக்கு நடந்து 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது: அரசு போதிய முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை, 4,60,000 டாலர் தர வேண்டும். ஏஏபிஎல் எதிர் இலங்கை என்று உலகம் முழுக்க வகுப்பில் நடத்துகிறார்கள். அந்தப் பண்ணையில் வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அன்று கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய குடும்பங்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை, ஆக முடியாது, அந்த ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு மட்டும்தான். நான் மாணவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லித் தரும்போது இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்களும் சேர்த்தே படியுங்கள்.

தமிழ் தெரிஞ்சிருக்கிறது இதுல ஏதாவது உபயோகமா?

ஆகும். ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கட்டுமான வழக்கில் எங்கள் சாட்சி தமிழ்நாட்டைச் சேர்ந்த சைட் சூப்பர்வைசர். ‘கூடுதல் வேலைக்குப் பணம் தருவதாகச் சப் கான்ட்ராக்டரிடம் சொன்னீர்களா’ என்று குறுக்கு விசாரணை. அவர் சொன்ன பதில்: “பாத்துக்கலாம்னு சொன்னேன் சார்.” மொழிபெயர்ப்பாளர், ‘நான் கவனித்துக்கொள்கிறேன்’ என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். திரையில் அது வாக்குறுதியாகப் பதிவானது. எங்கள் பக்கத்தில் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும்தான். உடனே சீட்டு எழுதிச் சீனியரிடம் நீட்டினேன். குறுக்கு விசாரணை முடிந்து எங்கள் முறை வந்ததும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சாட்சியையே கேட்டோம். “இப்ப எதுவும் சொல்ல முடியாது, அப்புறம் பேசிக்கலாம்னு அர்த்தம்” என்றார். நடுவர்கள் அந்த ஒரு சொல்லைப் பற்றி அவார்டில் ஒரு தனிப் பத்தி எழுதினார்கள்.

நான் எப்ப நடுவர் ஆகலாம்?

சட்டப்படி வயது வரம்பு, பட்டம் எதுவும் பொதுவாகத் தேவையில்லை. நடைமுறையில் பத்துப் பன்னிரண்டு வருடம் வக்கீலாக உழைத்த பிறகு, மையங்கள் சின்ன வழக்குகளில் முதல் வாய்ப்பு தரும். அதற்கு முன் நடுவர் குழுவுக்குச் செயலராக இருக்க முடிந்தால் விடாதீர்கள், நடுவர்கள் கோப்பை எப்படிப் படிக்கிறார்கள் என்று உள்ளேயிருந்து தெரியும். 1915-இல் லண்டனில் தொடங்கிய சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்பிட்ரேட்டர்ஸ் என்ற நடுவர்கள் அமைப்பின் பயிற்சிகள் அவார்டு எழுதக் கற்றுத்தரும். நியமனம் வந்தால், எந்தத் தரப்போடும் உங்களுக்கு இருந்த பழைய தொடர்பு எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட தொடர்பு பெரும்பாலும் பிரச்சினை ஆகாது, மறைத்தது ஆகும்.

நம்ம கட்சிக்காரரே பொய் டாகுமெண்ட் கொடுத்தா என்ன பண்றது?

இதை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள், சத்தமாகவே பதில் சொல்கிறேன். அதைத் தாக்கல் செய்யாதீர்கள். ரகசியமான அறை, அப்பீல் இல்லை என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதனாலேயே இங்கே பொய் நுழைந்தால் பிடிப்பது கஷ்டம், வக்கீலின் நேர்மை அவ்வளவு முக்கியம். நைஜீரியாவுக்கு எதிராகப் பி அண்ட் ஐடி என்ற கம்பெனி 2017-இல் 660 கோடி டாலர் அவார்டு வாங்கியது, வட்டியோடு அது 1,100 கோடியாக வளர்ந்தது. 2023 அக்டோபரில் லண்டன் கோர்ட், லஞ்சமும் பொய்ச் சாட்சியமும் நடந்திருக்கின்றன, நைஜீரியாவின் ரகசியச் சட்ட ஆவணங்களை எதிர்த்தரப்பு கையில் வைத்துக்கொண்டே வழக்கு நடத்தியது என்று கண்டுபிடித்தது. அவார்டு விழுந்தது, இரண்டு வக்கீல்களின் நடத்தை ஒழுங்கு அமைப்புகளின் பார்வைக்குப் போனது.

எனக்கும் நடந்திருக்கிறது. கட்சிக்காரர் கொடுத்த ஒரு கடிதத்தில் தேதி 2016 மார்ச். எங்களுக்கு அது பெரிய ஆதாரம், எதிர்த்தரப்பு தாமதத்தை ஒப்புக்கொண்டதற்கான பதில் கடிதம் மாதிரி இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஆவணத் தொகுப்பில் போட ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தபோது லெட்டர்ஹெட்டின் அடியில் ஜிஎஸ்டி எண் கண்ணில் பட்டது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். சீனியரை வீட்டில் எழுப்பினேன். மறுநாள் காலையில் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, இந்தக் கடிதம் உள்ளே போனால் நாங்கள் வெளியே போகிறோம் என்று சொன்னோம். அரை மணி நேரம் கோபப்பட்டார், பிறகு எடுத்துக்கொண்டார். அந்த ஆதாரம் இல்லாமல்தான் விசாரணைக்குப் போனோம், கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. அடுத்த வருடம் அதே வழக்கின் எதிர்த்தரப்பு வக்கீல் தன்னால் எடுக்க முடியாத ஒரு வழக்கை எங்களுக்கு அனுப்பிவைத்தார்.